ஒன்பது வினாடிப் பள்ளம்

அக்னி நட்சத்திரம் என்று வானத்தில் தனியாக ஒரு நட்சத்திரம் கிடையாது, கார்த்திகையைச் சூரியன் கடக்கிற நாட்களுக்கு, கார்த்திகையின் அதிதேவதை அக்னி என்பதால், பஞ்சாங்கக்காரர்கள் வைத்த பெயர் அது என்று, பக்கத்தில் நின்று தொடையை நீவிக்கொண்டிருந்த ஆளிடம் சொல்ல வாயெடுத்துவிட்டு, பக்தவச்சலம் அடக்கிக்கொண்டார். ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கே தெரிகிறது, தான் பேச ஆரம்பித்தால் ஆட்கள் ஷூ லேஸைக் கட்டக் குனிந்துவிடுகிறார்கள். காலை ஐந்தே முக்கால். வேலூர்க் கோட்டை மைதானத்தில் முந்நூறு பேர் பத்து கிலோமீட்டர் ஓடக் காத்திருந்தார்கள், துரத்த ஒரு நாய்கூட இல்லாமல். பகலெல்லாம் வாங்கி வைத்த சூட்டை மலைகள் ராத்திரி முழுக்கக் கக்கியும் தீரவில்லை. காற்று இருந்தது, அடுப்படியில் இருக்கிற மாதிரியான காற்று. மே மாதத்தில் இந்த ஊரில் பந்தயம் வைக்க ஒரே காரணம் ஓட்டக்குழு தொடங்கிய நாள் மே மாதத்தில் வருகிறது என்பது. நாளை விட்டுவிட்டுப் பந்தயத்தை மட்டும் தை மாதத்துக்குத் தள்ளலாமே என்று அவர் ஒருமுறை கேட்டதற்கு, கோயில் திருவிழாவைத் தள்ளிப் போடுவார்களா சார் என்று குழுத் தலைவர் நந்தகோபால் திருப்பிக் கேட்டார். தள்ளிப் போட்ட திருவிழாக்களுக்குப் பக்தவச்சலத்திடம் மூன்று உதாரணங்கள் இருந்தன. கேட்கத்தான் ஆளில்லை. விசில் ஊதியது, கூட்டம் நகர்ந்தது, நேரம் குறிக்கத் தரையில் விரித்திருந்த ரப்பர் விரிப்பை மிதித்த அதே நொடியில் அவர் வாட்ச்சின் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தினார். அழுத்தியதும் இன்னொரு கட்டைவிரல் ஞாபகத்துக்கு வந்தது. வந்தது என்று சொல்வதுகூடத் தவறு, அது போனால்தானே வருவதற்கு. திங்கட்கிழமை விடியற்காலையிலிருந்து அது அவரோடுதான் ஓடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை நாலு ஐம்பதுக்கு, இலேசாக ஐந்து கிலோமீட்டர் ஓடிவிட்டு வரலாம் என்று வாசலில் உட்கார்ந்து ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தபோது, போன் ஒருமுறை அதிர்ந்தது. ஓடுகிறவர்கள் தங்கள் ஓட்டங்களைப் போட்டு வைக்கிற ஆப் அது. எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், எந்த வழி எல்லாவற்றையும் வாட்ச்சிலிருந்து தானே எடுத்துக்கொண்டு ஊருக்கே காட்டும். பார்த்தவர்கள் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார்கள். ‘ஞானப்பிரகாசம் உங்கள் ஓட்டத்தைப் பாராட்டினார்’ என்று இருந்தது. எந்த ஓட்டம்? நேற்றைய ஓட்டமில்லை, போன வார ஓட்டமுமில்லை. போன வருஷம் மே மாதம், இதே கோட்டை ஓட்டம், பத்து கிலோமீட்டர், ஐம்பத்தொன்பது நிமிடம் நாற்பத்தெட்டு வினாடி. அவர் வாழ்க்கையிலேயே ஒரு மணி நேரத்துக்குள் முடித்த ஒரே பத்து. ஒரு வருஷமாக ஆப் பக்கமே வராத ஞானப்பிரகாசம், ஒரு வருஷமாக இவரோடு நாலு வார்த்தைக்கு மேல் பேசாத ஞானப்பிரகாசம், விடியற்காலை நாலரைக்கு எழுந்து, முந்நூறு ஓட்டங்களுக்கு அடியில் கிடந்த அந்த ஒன்றைத் தேடிப் பிடித்துக் கட்டைவிரல் வைத்திருக்கிறார். தேடாமல் அங்கே போக முடியாது. இல்லை, முடியும், போன வருஷம் இதே நாள் என்று அந்த ஆப்பே சில சமயம் பழையதைக் கிளறிக் கொடுக்கும். அப்படித்தான் இருக்கும். அப்படி இருந்தாலும் அது ஞானத்தின் ஓட்டத்தை ஞானத்துக்குக் காட்டுமே தவிர, பக்தவச்சலத்தின் ஓட்டத்தை எதற்குக் காட்டப்போகிறது. இந்த இடத்துக்கு வந்ததும் யோசனை முட்டிக்கொண்டு நிற்கும், பிறகு முதலிலிருந்து ஆரம்பிக்கும், நாலு ஐம்பது, வாசல், ஷூ.

முதல் கிலோமீட்டர் ஐந்து ஐம்பத்தைந்து என்று வாட்ச் கீச்சிட்டது. வேகம்தான், ஆனாலும் கால் கனக்கவில்லை. வியர்வை காதுக்குப் பின்னால் இறங்கிப் பனியனின் கழுத்தில் முட்டியது. முன்னால் ஓடியவரின் முதுகில் ‘வெயிலை வெல்வோம்’ என்று அச்சடித்திருந்தது. அந்த எழுத்துகள் நனைந்து கறுத்துக்கொண்டு வந்தன, வெயில் இன்னும் வரவேயில்லை. செவ்வாய்க்கிழமை மைதானத்தில் நானூறு மீட்டரை எட்டு முறை விரட்டி ஓட வேண்டிய நாள். ஐந்தோடு நிறுத்திக்கொண்டார். ஐந்தாவதில் கண்ணுக்குள் மஞ்சளாகப் பொறி பறந்தது, கோல் போஸ்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார், நிற்கும்போதும் கை தானாகப் போய் வாட்ச்சை நிறுத்தியது. நின்ற நேரம் கணக்கில் வரக் கூடாதல்லவா. சிக்னலில் நின்றால் வாட்ச்சை நிறுத்துவது, நாய் குறுக்கே வந்தால் நிறுத்துவது, ஓடுகிறவர்களின் அனிச்சைச் செயல் அது, கொசு அடிப்பது போல. பந்தயத்தில் மட்டும் நிறுத்துவதில்லை, நிறுத்தினால் அது பந்தயமில்லை. போன வருஷம் அவர் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் வாட்ச் அந்த இடத்தை விழுங்கியிருக்கும், ஒரு தடயமும் இருந்திருக்காது. நேர்மையாக ஓடியதுதான் தப்பாகப் போயிற்று என்று நினைத்து, அந்த நினைப்பின் அசிங்கம் உறைத்து, இப்போது கிரீன் சர்க்கிள் திருப்பத்தில் ஒரு பள்ளத்தில் காலை வைத்து இலேசாகப் புரண்டு, சமாளித்து ஓடினார். வாரம் முழுக்கச் சுலோசனா கேட்டுக்கொண்டிருந்தாள், என்ன உடம்புக்கு, ஏன் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று. வெயில் என்றார். மே மாதத்தில் அது எல்லாவற்றுக்கும் பொருந்துகிற பதில். முப்பது வருஷமாகத் தாலுகா ஆபீஸில் சர்வேயராக இருப்பவருக்குப் பொருந்துகிற பதிலைச் சொல்லத் தெரியும்.

பாலாற்றுப் பாலம் இரண்டே முக்கால் கிலோமீட்டரில் ஆரம்பித்தது. போகும்போது இடப்பக்கம், திரும்பி வரும்போது நடுத்தடுப்புக்கு அந்தப் பக்கம். பார்க்கக் கூடாது என்று வைத்திருந்தார், கழுத்து தானாகத் திரும்பியது. எதிர் ஓரத்தில், பாலம் வேலூர்ப் பக்கம் முடிகிற இடத்தில், ஒரு மேசை, நீலத் தண்ணீர் கேன்கள், ஆரஞ்சுச் சட்டையில் நாலைந்து பேர். போன வருஷம் இந்த மேசை இல்லை. போன வருஷம் நடந்ததால்தான் இந்த வருஷம் மேசை. ஒருவர் குனிந்து பேப்பர் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தார், தொப்பி போட்டிருந்தார், முகம் தெரியவில்லை, முதுகு மெலிந்த முதுகு. அவராக இருக்காது. அவர்தான். நேற்று மார்பு நம்பரை வாங்கப் போனபோது நந்தகோபால் பெருமையாகச் சொன்னார், ஞானப்பிரகாசம் சார் வாலண்டியராக வருகிறார், எங்கே வேண்டுமானாலும் நிழலாகப் பார்த்து நில்லுங்கள் என்று சொன்னேன், எனக்குப் பாலம்தான் வேண்டும் என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார் சார், என்ன மனுஷன். பக்தவச்சலம் நாலு ஊக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டார், மார்பு நம்பருக்கு. வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளங்கையில் நாலும் குத்தி நாலு சிவப்புப் புள்ளி.

போன வருஷம் இப்படித்தான், ஆனால் திரும்பி வரும்போது. ஞானம் எப்போதும் முன்னால் ஓடுகிறவர். ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, வயது இவரைவிட ஒன்று கூடுதல், பத்து கிலோமீட்டரை ஐம்பத்தாறு நிமிடத்தில் முடித்துவிட்டு, மோர் குடித்துக்கொண்டே நின்று, பின்னால் வருகிற பக்தவச்சலத்தைப் பார்த்து, இன்னா சர்வேயரே, ரோட்டை அளந்துகினே வந்தியா என்று கேட்பவர். ஆறு வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தக் கேள்வி. சிரித்துக்கொண்டுதான் கேட்பார், இவரும் சிரித்துக்கொண்டுதான் கேட்டுக்கொள்வார். அன்று ஏழு கிலோமீட்டரைத் தாண்டியதும் பாலத்தின் கைப்பிடிச் சுவர் ஓரமாக ஒரு பச்சைச் சட்டை நடந்துகொண்டிருந்தது. ஞானத்தின் சட்டை. அருகே போகப் போக அது நடையில்லை, சுவரைத் தேய்த்துக்கொண்டே ஒரு தள்ளாட்டம் என்று தெரிந்தது. அப்புறம் உட்கார்ந்தது. பக்தவச்சலம் நின்றார். நின்றார் என்பதை யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் நின்றார். ஞானம் நிமிர்ந்து பார்த்தார். நெற்றி காய்ந்து கிடந்தது, ஒரு சொட்டு வியர்வை இல்லை, உதட்டோரம் வெள்ளையாக. “அண்ணே, பஸ்ஸு வந்துட்ச்சா?” என்று கேட்டார். ஆறு வருஷத்தில் ஞானம் இவரை அண்ணே என்று கூப்பிட்டதில்லை. ஆளைத் தெரியாமல் உளறுவதும் வியர்வை நின்றுபோவதும் எதன் அறிகுறி என்று ஒரு டாக்டரை வரவழைத்துக் குழுவில் ஏற்கனவே ஒரு மணி நேரம் பேச வைத்திருந்தார்கள், முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவர் பக்தவச்சலம். “பின்னால ஆம்புலன்ஸ் வருது ஞானம், உக்காந்திரு” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஆம்புலன்ஸ் வந்துகொண்டுதான் இருந்தது, அது பொய்யில்லை. எல்லாப் பந்தயத்திலும் கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு ஆம்புலன்ஸ் ஊர்ந்து வரும். கடைசி ஆள் அப்போது காட்பாடியில் திரும்பிக்கொண்டிருந்தார்.

நாலு நிமிடம் கழித்து, பாலத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த மாநகராட்சிப் பெண் ஒருத்திதான் பார்த்தாளாம். தான் குடிக்க வைத்திருந்த தண்ணீரை அவர் தலையில் ஊற்றி, புடவைத் தலைப்பால் விசிறி, ஒரு லோடு ஆட்டோவைக் குறுக்கே நின்று மறித்திருக்கிறாள். அந்த ஆட்டோ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பக்தவச்சலம் கோட்டை மைதானத்தில், ஐம்பத்தொன்பது நாற்பத்தெட்டு என்று காட்டுகிற கைக்கடிகாரத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். பதினோரு நாள் ஆஸ்பத்திரி. சிறுநீரகம் இரண்டும் படுத்துவிட்டன, ஒன்று எழுந்தது, இன்னொன்று பாதிதான் எழுந்தது. ஆறாம் நாள் பக்தவச்சலம் நாலு இளநீரோடு பார்க்கப் போனார். வாசலிலேயே நர்ஸ் தடுத்து, கிட்னி பேஷண்ட்டுக்கு இளநீர் விஷம் சார், யார் சார் நீங்க என்றாள். ஃபிரெண்டு என்றார். ஞானத்தின் மனைவி எஸ்தர் வெளியே வந்து, நீங்க அவருக்குப் பின்னாலதானே அண்ணா ஓடி வந்தீங்க, பாலத்துல பாக்கலியா என்று கேட்டாள். சந்தேகமாகக் கேட்கவில்லை, எப்படி நடந்தது என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று கேட்டாள். நான் நடுத்தடுப்பு ஓரமா வந்தேன்மா, கூட்டம், கவனிக்கல என்றார். நாலு இளநீரையும் திரும்ப எடுத்துக்கொண்டு படியிறங்கினார். ஞானத்துக்கு ஒன்றும் நினைவில்லை. காட்பாடியில் திரும்பியது வரை இருக்கிறது, அதற்கப்புறம் துடைத்துவிட்ட மாதிரி. சூடு மூளையில் ஏறினால் அப்படித்தான், அது திரும்ப வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்ட அன்று ராத்திரிதான் பக்தவச்சலம் ஒரு வாரத்துக்குப் பிறகு ஒழுங்காகத் தூங்கினார்.

மூன்றாவது கிலோமீட்டர் ஐந்து ஐம்பத்தெட்டு. நாலாவது ஆறு மணிக்கணக்காக, ச்சே, ஆறு நிமிடம் சரியாக. மூளை குழறுகிறதா? முன்கையைத் தடவிப் பார்த்தார், ஈரம் இருந்தது. வேர்க்கிற வரைக்கும் நீ உசிரோட கீறே சர்வேயரே, வேர்வை நின்னா எனக்கொரு போன் போடு என்று ஞானம் சொல்வார். வலது காதைச் சுட்ட சூரியன் இன்னும் முழுதாக ஏறவில்லை, விருதம்பட்டு மாடிகளுக்கு நடுவில் விட்டு விட்டு அடித்தது. ஒரு டீக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் இவர்கள் எல்லாரையும் பார்த்தார்கள், பாவம் என்கிற மாதிரி. நெடுந்தூர ஓட்டத்துக்கே மூலக்கதை என்று சொல்கிறார்களே, யுத்தத்தில் ஜெயித்த சேதியைச் சொல்லக் கிரேக்கச் சிப்பாய் ஒருவன் நாற்பது கிலோமீட்டர் ஓடி வந்து, சொல்லிவிட்டு விழுந்து செத்தான் என்று, அந்த யுத்தத்தைப் பற்றி முதன்முதலில் எழுதியவர் அப்படி ஒருவன் செத்ததாக எழுதவேயில்லை. ஐந்நூறு வருஷம் கழித்து வந்தவர்கள் சேர்த்தது. ஆனால் சேர்த்தவர்களும் ஒன்றை விட்டுவிட்டார்கள். வழியில் யாராவது விழுந்து கிடந்தார்களா, அவன் நின்றானா என்று எழுதவில்லை. சேதி அவசரம், நிற்காதது சரி. பக்தவச்சலத்திடம் என்ன சேதி இருந்தது? ஐம்பத்தொன்பது நாற்பத்தெட்டு.

புதன்கிழமை ஓய்வு நாள், ஆபீஸில் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு அந்த ஓட்டத்தைத் திறந்து பார்த்தார். மேலே தூரம், நேரம், ஒரு கட்டைவிரல். கீழே இறக்கினால் வழி. இன்னும் இறக்கினால் கிராஃப், ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு வேகம் என்று நீலக் கோடு. கிட்டத்தட்ட மட்டமான கோடு, சீராக ஓடுகிறவர் என்று பெயரெடுத்தவரின் கோடு. ஏழு புள்ளி இரண்டு கிலோமீட்டரில் மட்டும் கோடு செங்குத்தாக அடிக்கு விழுந்து, ஒன்பது வினாடி தரையோடு கிடந்து, மறுபடி செங்குத்தாக எழுந்தது. கிணறு மாதிரி. போன வருஷம் யாரும் இதைப் பார்க்கவில்லை, யாரும் கிராஃப் வரை இறக்குவதில்லை, மேலேயே கட்டைவிரலைத் தூக்கிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் ஞானத்துக்குப் பிழைப்பே கோடு படிப்பதுதான். மற்றவர்களின் ரத்தத்தில் எது எங்கே விழுந்தது என்று தாளைப் பார்த்துச் சொல்கிற மனுஷன். பக்தவச்சலத்துக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். ராத்திரியோடு ராத்திரியாக எல்லைக்கல்லைப் பிடுங்கி நாலடி தள்ளி நட்டுவிட்டு மறுநாள் அப்பாவி முகத்தோடு வந்து நிற்கிறவர்களை முப்பது வருஷமாகப் பார்க்கிறார். கல்லைப் பிடுங்கலாம், எல்லையை அளந்து வரைந்து ஆபீஸில் வைத்திருக்கிற புலப்படத்தை என்ன செய்வாய் என்று அவர்களிடம் கேட்பார். கேட்டுவிட்டு, கொஞ்சம் ரசித்துச் சிரிப்பார். தன் புலப்படத்தைத் தானே வரைந்து, தானே ஊர் பார்க்க மாட்டியும் வைத்தவன் எவனும் இதுவரை அவர் ஆபீஸுக்கு வந்ததில்லை.

ஒன்பது வினாடியில் என்னென்ன நடந்தது என்பதையும் அன்று அளந்து பார்த்தார், அளக்கிற புத்தி சும்மா இருக்காது. பஸ் வந்துவிட்டதா என்று ஞானம் கேட்க மூன்று. இவர் பதில் சொல்ல மூன்று. திரும்பிக் கிளம்ப ஒன்று. மீதி இரண்டு, வந்து நின்ற முதல் இரண்டு வினாடி, அது எங்கே போயிற்று என்று யோசித்து யோசித்து, தெரிந்ததும் டிபன் பாக்ஸை மூடிவிட்டார். சந்தோஷத்துக்குப் போயிருந்தது. பிடித்துவிட்டேன், ஆறு வருஷத்தில் முதல் முறையாக இவனைப் பிடித்துவிட்டேன். அதைவிடக் கேவலம் இன்னொரு கணக்கு. ஒரு மணிக்கும் ஐம்பத்தொன்பது நாற்பத்தெட்டுக்கும் நடுவில் பன்னிரண்டு வினாடி இருக்கிறது. அன்று இன்னும் பதினோரு வினாடி நின்றிருந்தாலும் ஒரு மணிக்குள் முடித்திருக்கலாம். பதினோரு வினாடி என்பது சின்ன நேரமில்லை. எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்த ஒரு பைக்கைக் கை காட்டி நிறுத்தலாம். ஒரு சத்தம் போடலாம். தலையில் கையாவது வைக்கலாம்.

வியாழக்கிழமை எட்டு கிலோமீட்டர் ஓட வேண்டும், ஓடினார், ஞானத்தின் தெருவைத் தவிர்த்துச் சுற்று வழியில். ஒரு வருஷமாக அந்தச் சுற்று வழிதான், அதனால் ஒவ்வொரு ஓட்டமும் எழுநூறு மீட்டர் கூடி, அவர் உடம்பும் தேறிவிட்டது என்பது வேறு விஷயம். வெள்ளிக்கிழமை அழித்துவிடுவது என்று முடிவெடுத்தார். மூன்று புள்ளியைத் தொட்டால் ‘அழி’ வரும், அதைத் தொட்டால் நிச்சயமாக அழிக்கவா என்று கேட்கும். கேட்டது. அழித்தால் உங்கள் சிறந்த நேரம் ஒரு மணி ஒரு நிமிடம் இருபது வினாடியாக மாறும் என்றும் கீழே சின்ன எழுத்தில் சொன்னது. இதை எதற்குச் சொல்ல வேண்டும்? யார் கேட்டது? சமையலறையில் குக்கர் நாலாவது விசில் அடிக்கிற வரைக்கும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொலைக் கருவியை ஆற்றில் எறியப் போனவன், நல்ல கத்தி என்று திரும்ப எடுத்து வந்த மாதிரி, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இப்போதே அழித்தால் சந்தேகம்தான் வரும் என்று தனக்கு ஒரு காரணமும் சொல்லிக்கொண்டார். நல்ல காரணம்தான். உண்மையில்லை, அவ்வளவே.

காட்பாடியில் சித்தூர் பஸ் நிறுத்தத்துக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் கூம்பைச் சுற்றித் திரும்ப வேண்டும். திரும்பினார். இருபத்தொன்பது நிமிடம் ஐம்பது. சூரியன் இப்போது இடது காதில், இனி கடைசி வரை இடது காதுதான். ஞானத்தின் ஞாபகம் இங்கேதான் முடிகிறது. இதற்கு மேல் உள்ள ரோடு முழுக்க ஞானத்திடம் இல்லை, பக்தவச்சலத்திடம் மட்டும் இருக்கிறது, இரண்டு பேர் பாகத்தையும் ஒருவரே ஆண்டு அனுபவித்துவருகிற சொத்து மாதிரி. சொல்லிவிடலாம். நின்று, டம்ளரை வாங்கி, நான் அன்னிக்கு உன்னப் பாத்தேன் ஞானம் என்று சொல்லிவிடலாம். ஐந்து சொல். மூச்சிரைப்போடு சொன்னாலும் நாலு வினாடி. அப்புறம் அவர் என்ன செய்வார்? திட்டட்டும். தண்ணீரை முகத்தில் ஊற்றட்டும், இந்த வெயிலுக்கு இதமாகத்தான் இருக்கும். அல்லது ஒன்றுமே தெரியாமல் சும்மா கட்டைவிரல் வைத்திருப்பார், போன வருஷம் நீ நல்லா ஓடினேப்பா என்று வாழ்த்தியிருப்பார், அந்த மாதிரி ஆளுமல்ல, அந்த மாதிரி ஆளும்தான். அப்படியிருந்தால் இவராகப் போய் வாயைக் கொடுத்து, எஸ்தரின் முகம், குழு, நந்தகோபால், ஊர். ஆறாவது கிலோமீட்டர் ஆறு ஐந்து. மெதுவாகிக்கொண்டிருக்கிறது. தொண்டைக்குள் உப்புத்தாள். மொத்தம் முப்பத்தைந்து ஐம்பத்தைந்து. இதே மாதிரி போனால் ஒரு மணிக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று மூளையின் இன்னொரு மூலை, இந்த எழவு எதிலும் கலந்துகொள்ளாத ஒரு மூலை, கூட்டிக் கழித்துக்கொண்டேயிருந்தது. நின்றால் எத்தனை வினாடி நிற்கலாம் என்றும் அது பார்த்து வைத்திருந்தது.

பாலம். ஆற்றில் மணலும் முள்ளும், அதன் மேல் வெயில் இப்போதே அலையலையாக நெளிந்தது. பாலத்தின் தார் ஷூவுக்குள் வரை சுட்டது. ஏழு என்று வாட்ச் கீச்சிட்டது. கைப்பிடிச் சுவரில் அந்த இடம் வந்தது, அடையாளமாக ஒன்றுமில்லை, சுவரில் யாரோ ஒரு கட்சிக்காரருக்கு நரைத்த எழுத்தில் வருக வருக. அதற்குப் பத்தடி தள்ளித்தான் மேசை. வேண்டுமென்றே அங்கே போட்டிருக்கிறார். இல்லை, நிழலுக்காகப் போட்டிருக்கலாம். நிழலே இல்லை. ஆரஞ்சுச் சட்டைக்குள் ஞானம் பாதி ஆளாக நின்றுகொண்டிருந்தார், கன்னம் ஒட்டி, தொப்பிக்குக் கீழே ஈரத் துண்டு. முன்னால் போனவரிடம், நிக்காதீங்க சார், ஓடிகினே குடிங்க, நின்னா டைம் போய்டும் என்று டம்ளரை நீட்டினார். அடுத்து பக்தவச்சலம்.

பக்தவச்சலம் நின்றார்.

“வா சர்வேயரே” என்றார் ஞானம். ஒரு டம்ளரைக் கொடுத்தார். குரலில் கோபமில்லை, பழைய கிண்டலும் இல்லை. பக்தவச்சலம் டம்ளரை வாங்கிக்கொண்டு வாயைத் திறந்தார். வாய்க்குள் நாக்கு ஒரு காய்ந்த செருப்பு மாதிரி கிடந்தது. நான் என்பது வரை வந்தது. அதற்கு மேல் மூச்சுதான் வந்தது. தண்ணீரைக் குடித்தால் பேச்சு வரும் என்று குடித்தார். குடித்துவிட்டுப் பார்த்தால் ஞானம் இவர் முகத்தைப் பார்க்கவேயில்லை. தன் இடது மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டத்தை விட்டபோதே அதையும் விட்டிருப்பார் என்று பக்தவச்சலம் நினைத்திருந்த அந்தப் பழைய கறுப்பு வாட்ச் அங்கே இருந்தது, இளைத்த கையில் ஒரு சுற்று தளர்வாக. ஞானத்தின் உதடு இலேசாக அசைந்துகொண்டிருந்தது. ஜெபம் மாதிரி.

“ஒம்போது” என்றார் ஞானம், ஒரு ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்கிற குரலில். “அன்னிக்கி இவ்ளோ நேரந்தானே நின்னே. கெளம்பு.”

இதற்குப் பதில் இருந்திருக்க வேண்டும். இன்னும் பதினோரு வினாடி நிற்பதே ஒரு பதிலாக இருந்திருக்கும். டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, அந்தச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டிருந்தால், ஒரு மணி நேரத்தைத் தாண்டி, ஆம்புலன்ஸ் வந்து போய், வெயில் உச்சிக்கு ஏறும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தால், அது ஒரு பதில். இதெல்லாம் அவருக்குத் தோன்றியது, ஆனால் தோன்றும்போது அவர் மேசையைத் தாண்டி இருபது மீட்டர் போயிருந்தார். ஞானம் சொல்லி முடித்த மறுகணமே கால்கள் கிளம்பிவிட்டிருந்தன. கையில் கசங்கிய டம்ளர். பின்னால் ஞானத்தின் குரல், இப்போது வேறு யாருக்கோ, நிக்காதீங்கமா, ஓடிகினே குடிங்க. பக்தவச்சலம் திரும்பிப் பார்க்கவில்லை. அழுகை மாதிரி ஒன்று விலாவுக்குள் ஏறி, மூச்சுக்கு இடையில் மாட்டிக்கொண்டு, பிறகு அதுவும் மூச்சாகவே ஆகிவிட்டது. எட்டாவது கிலோமீட்டர் நின்றதையும் சேர்த்து ஆறு ஒன்று. ஒன்பதாவது ஐந்து ஐம்பத்தொன்று. வெட்கத்தில் இப்படி ஓட முடியும் என்று எந்தப் பயிற்சி அட்டவணையிலும் போட்டிருக்கவில்லை. கோட்டை அகழி கண்ணில் பட்டபோது ஆட்கள் கை தட்டினார்கள்; யாருக்கென்று பார்த்தால் அவருக்குத்தான். கடைசி நூறு மீட்டரில் வெயிலை வெல்வோம் என்ற முதுகைத் தாண்டி ஓடினார்.

விரிப்பை மிதித்தார், பொத்தானை அழுத்தினார். ஐம்பத்தொன்பது நாற்பத்தொன்று. நந்தகோபால் ஓடிவந்து கழுத்தில் மெடலை மாட்டி, போன வருஷத்தைவிட ஏழு வினாடி குறைவு சார், இந்த வெயிலில், என்றார். இவருடைய போன வருஷ நேரம் அவருக்கு மனப்பாடமாக இருந்தது. மோர்ப் பந்தலுக்கு வெளியே, நிழல் எட்டாத ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பக்தவச்சலம் உட்கார்ந்தார். சேமிக்கவா, அழிக்கவா என்று வாட்ச் கேட்டது. எதிரே பாலம் இருக்கிற திசை வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. சேமி என்பதை அழுத்தினார். போனில் ஓட்டம் ஏறியது, புதிய சாதனை என்று ஒரு மஞ்சள் கோப்பை குதித்தது, அதைத் தள்ளிவிட்டுக் கீழே, இன்னும் கீழே இறக்கினார். மட்டமான நீலக் கோடு, ஏழு புள்ளி இரண்டில் ஒரு கிணறு, அதே அகலம், அதே ஆழம், போன வருஷப் படத்தின் மேல் வைத்து நகலெடுத்த மாதிரி. திரையை அணைக்காமல் தொடையின் மேல் வைத்துக்கொண்டு, பாலத்திலிருந்து கட்டைவிரல் வருவதற்காக உட்கார்ந்திருந்தார்.